மாற்று ஆள் யார் என்று சொல்வதற்கில்லை

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாற்று குவார்ட்டர்பேக் யார் என்று கேட்பது, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த மாப்பிள்ளை யார் என்று கேட்பதைப் போன்றது. வாய்விட்டுக் கேட்கக் கூடாது; ஆனால் மண்டபத்தில் எல்லோர் மனசிலும் அதே கேள்விதான் ஓடும். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவன் பந்தை வாங்கி, வீசி, மற்றப் பத்துப் பேரையும் ஆட்டி வைக்கிறவன். அவன் கால் மடங்கினால் அவனுக்குப் பதிலாக இறங்குகிறவன் மாற்று ஆள். மற்ற கல்லூரிகளில் இந்த மாற்று ஆளுக்கு ஒரு பெயர் இருக்கும். எங்களிடம் பெயர் இல்லை, 'திறந்த போட்டி' இருந்தது. ஆகஸ்டில் திறந்தார்கள். நவம்பர் வந்து, மக்காச்சோளம் அறுத்து, வயலெல்லாம் மொட்டையான பிறகும் அதை மூடவில்லை.

நான் அந்த அணியின் சாமான் அறைக்காரன். பெயர் கர்ட். ஹெல்மெட், தோள் கவசம், நாற்றமடிக்கும் காலுறை எல்லாம் என் பொறுப்பு. மாற்று ஆள் யார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் அவன் ஹெல்மெட்டுக்குள் நான் ஒரு குட்டி ஒலிபெருக்கி பொருத்த வேண்டும். ஓரத்தில் நின்று கோச் பேசுவது ஆட்டக்காரன் காதில் கேட்பதற்கான ஏற்பாடு அது. ஆட்டத்தை மறுபடி தொடங்க இன்னும் பதினைந்து விநாடி இருக்கும்போது தானாக அணைந்துவிடும், விதி அப்படி. இப்படி ஒரு விதி எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. தலைமைக் கோச் ஹாலன்பெக்கிடம் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு விளங்கிவிட்டது.

முதல் ஆள் ஜாக்ஸ்டன். அவனைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஊர் எல்லையிலிருக்கும் விளம்பரப் பலகையில் அவன் பல்தான் தெரியும். மாற்று ஆள் பதவிக்கு இரண்டு பேர். ஒருவன் கேடன் லூமிஸ், டெக்சஸிலிருந்து வந்த முதலாண்டுப் பையன். அவனோடு அவன் அப்பாவும் வந்து ஊரிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டார். இன்னொருவன் ஆன்சன் கிரெப்ஸ். மேற்கே மணல்மேட்டுப் பக்கம் மாடு வளர்க்கிற குடும்பம். உதவித்தொகை எதுவும் இல்லாமல், தானாக வந்து சேர்ந்து, ஐந்து வருஷமாக மூன்றாவது வரிசையில் நிற்கிறவன். இத்தனை நாளில் அவன் ஹெல்மெட்டில் ஒரு கீறல் கிடையாது. எனக்கு வேலை வைக்காத பையன் என்பதாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும்.

ஆன்சனுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். போன வருஷம் விண்ணப்பித்து, கிடைக்கவில்லை. இந்த வருஷம் நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. கால்நடைக் கல்லூரியில் இரண்டு தடவைக்கு மேல் யாரையும் பார்க்க மாட்டார்கள். அந்த நேர்காணல் நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அடுத்த நகரத்தில். அதே சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் பெரிய ஆட்டம்.

அவன் அங்கே சேர்க்கையைக் கவனிக்கும் திருமதி ஸ்வோபோடாவுக்குப் போன் போட்டான். அந்த அம்மாள் கண்டிப்பானவள், ஆனால் நியாயமானவள். அவர்கள் கல்லூரியில் ஒரு விதி இருந்தது: அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்தாலோ, மாற்று குவார்ட்டர்பேக்காக இருந்தாலோ நேர்காணலைத் திங்கட்கிழமைக்கு மாற்றித் தருவார்கள். மூன்றாவது ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது. "உங்க கோச்ச எனக்குப் போன் பண்ணி ஒரே ஒரு வரி சொல்லச் சொல்லுப்பா. ஆன்சன்தான் மாற்று ஆள்னு. இல்லன்னா இல்லைன்னு சொல்லட்டும், நீ கிளம்பி வந்துடு. எதுவா இருந்தாலும் எனக்குச் சரிதான்" என்றாள்.

ஒரே ஒரு வரி. ஆன்சன் அதைச் சுலபமான காரியம் என்று நினைத்துச் சந்தோஷமாக என்னிடம் வந்து சொன்னான். நான் தோள் கவசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவன் போனது குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி தரும் வாஸிடம். வாஸ் இளைஞர், சுறுசுறுப்பானவர், எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். நான் சலவைத் துண்டுகளைக் கொடுக்கப் போனபோது அறையை இருட்டாக்கித் திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் படம் என்றுதான் நினைத்தேன். இல்லை. ஆன்சனும் கேடனும் ஓரத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற படம். வாஸும் இரண்டு உதவியாளர்களும் அதை முன்னே ஓட்டி, பின்னே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாற்று ஆளோட வேலை என்ன? நிக்கிறது. அப்ப யாரு நல்லா நிக்கிறாங்கன்னு பாக்கணும்ல?" என்று வாஸ் எனக்கு விளக்கினார். ஆன்சன் நிற்பதில் ஒரு குறை கண்டுபிடித்திருந்தார்கள். அவன் உடம்பின் பாரத்தை இடது காலில் அதிகம் போடுகிறான். கேடன் இரண்டு காலிலும் சமமாக நிற்கிறான், ஆனால் ஜாக்ஸ்டன் புள்ளி எடுத்ததும் அவன் கை தட்டுவதில் உற்சாகம் ஜாஸ்தியாகிவிடுகிறது. அது நடிப்போ என்று ஒரு உதவியாளருக்குச் சந்தேகம். ஆன்சனின் கைதட்டல் நடிப்பு இல்லை, ஆனால் சத்தம் போதவில்லை. இதைப் பற்றி மதியச் சாப்பாடு வரை பேசினார்கள்.

ஆன்சன் மெதுவாக, "கோச், நான் மாற்று ஆளா இல்லையா? அத மட்டும் சொல்லிடுங்களேன்" என்றான்.

"இந்தக் கேள்விய கேக்குறதே நிக்கிற திறமைய பாதிக்கும், தம்பி" என்றார் வாஸ். குறித்தும் கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகைக்காரர்கள் கூட்டம். ஆன்சன் பின் வரிசையில் போய் உட்கார்ந்தான், அங்காவது காதில் விழட்டும் என்று. ஒரு நிருபர் கேட்டும் விட்டார். தலைமைக் கோச் ஹாலன்பெக் நல்ல உயரம், வெண்கலக் குரல், முன்னால் துருத்தும் தாடை. கேள்வி கேட்டதும் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி அவர் பேசியதை நான் மறக்க மாட்டேன். "நம்மகிட்ட ரெண்டு மாற்று ஆள் இருக்காங்க. அதாவது, ஒருத்தரும் இல்ல. அதுதான் நம்ம பலம். எதிரிக்கு யாரு வரப்போறாங்கன்னு தெரியாது. ஏன்னா எனக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்சாத்தான அவனுக்குத் தெரியும்?"

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சியில் அன்று இரவு அதைப் போர்த் தந்திரம் என்று பாராட்டினார்கள்.

உண்மைக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தக் காலத்தில் ஒரு பையனுக்குப் பிடிக்கவில்லை என்றால் 'போர்ட்டல்' என்று ஒன்றில் தன் பெயரைப் போட்டுவிட்டு மறுநாளே வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். ஆன்சனை மாற்று ஆள் என்று சொன்னால் கேடன் போய்விடுவான். கேடனைச் சொன்னால், ஆன்சன் எங்கே போவான், மாட்டிடம்தான் போவான். ஆனால் 'முதலாண்டுப் பையன் வந்துவிட்டான்' என்று ஜாக்ஸ்டன் முகம் வாடிவிடும். ஜாக்ஸ்டன் முகம் வாடினால் அவன் போய்விடுவான். ஆகையால் யாரையும் எதுவும் சொல்லக் கூடாது. ஒரு பல்கலைக்கழகம் மூன்று பையன்களைப் பார்த்து நடுநடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தலைமைப் பண்பு.

எனக்கு வேறு தலைவலி. ஒலிபெருக்கி இரண்டுதான் உண்டு. ஒன்று ஜாக்ஸ்டனுக்கு. இன்னொன்றை யார் ஹெல்மெட்டில் வைப்பது? நான் கேட்டதற்கு ஹாலன்பெக் இரண்டு நாள் யோசித்து உத்தரவு அனுப்பினார்: இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஹெல்மெட் செய். ஆன்சனுக்குச் சின்னத் தலை, கேடனுக்குப் பெரிய தலை. நடுவில் ஒரு அளவைப் பிடித்தேன். ஆன்சன் போட்டால் கூஜாவுக்குள் கரண்டி போட்ட மாதிரி ஆடியது. கேடன் போட்டால் கழற்ற இரண்டு பேர் வேண்டும். வாஸ் வந்து பார்த்துவிட்டு, ரொம்ப நியாயமான ஹெல்மெட் என்றார்.

புதன்கிழமை ஆன்சன், அணிக்குப் பணம் கொடுக்கிற நன்கொடையாளர் சங்கத்துக்குப் போனான். கோச்சுக்கு மேலே யார் என்று அவனுக்கு யாரோ சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்தின் தலைவர் மெர்ல் டூஷேன், டிராக்டர் வியாபாரி. புதன்கிழமைகளில் அவர் கடைக்குப் பின்னால் கூடுவார்கள். மிளகாய் போட்ட மாட்டிறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் சாப்பிடுவார்கள். தனியாகப் போகப் பயமாயிருக்கிறது என்று ஆன்சன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மெர்ல் எங்களை அன்பாக உட்காரவைத்து, தட்டை நீட்டினார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மனசு இளகிவிட்டது.

"நாங்க அணி விஷயத்துல தலையிடுறதே இல்ல, தம்பி. கோச்சுக்கு முழுச் சுதந்திரம். நாங்க சொல்ற வரைக்கும் அவரு எந்த முடிவும் எடுக்க மாட்டாரு, அவ்வளவு சுதந்திரம்" என்றார். பட்டை ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, "உன்ன எனக்குப் பிடிச்சிருக்கு. உங்கப்பா எங்கிட்டதான் டிராக்டர் வாங்கினாரு. ஆனா நாங்க ரசிகர்களுக்கு விக்கிற சட்டையில உன் பேர போட்டா யாரு வாங்குவா? யோசிச்சுப் பாரு" என்றார். சங்கத்தார் எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். யாரும் வாங்க மாட்டார்கள் என்றுதான் அவர்களுக்கும் தோன்றியது. ஆன்சனும் தட்டைப் பார்த்தபடியே, தானும் வாங்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் ஊர் எல்லை வந்ததும், "இல்லைன்னு சொன்னாக்கூட போதும், கர்ட். நான் சந்தோஷமா கிளம்பிப் போயிடுவேன். இல்லைன்னு சொல்றதுக்குக்கூட இந்த ஊர்ல ஆள் இல்லையே" என்றான். ஐந்து வருஷம் மழையிலும் பனியிலும் வந்து நின்றவனுக்கு ஒரு 'இல்லை' சொல்லத் துப்பில்லாத கூட்டம்.

வெள்ளிக்கிழமை காலை ஹாலன்பெக்கே அவனைக் கூப்பிட்டுத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, "நீதான்" என்றார்.

ஆன்சன் திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னான். கோச் மேலும் சொன்னாராம்: யாரிடமும் சொல்லாதே, நான் சொன்னேன் என்று சொன்னால் நான் சொல்லவில்லை என்று சொல்லுவேன், ஆனால் நீதான். அந்த அம்மாளுக்கு நானே போன் பண்ணுகிறேன், கவலையை விடு. இந்தப் பையன் அப்படியே உருகிவிட்டான். கேடனும் அன்று காலை அதே வண்டியிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கியதை நான் பார்த்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை.

ஹாலன்பெக் வாக்குத் தவறவில்லை, போன் பண்ணினார். சாயங்காலம் திருமதி ஸ்வோபோடா ஆன்சனைக் கூப்பிட்டாள். அவன் போனை எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"உங்க கோச் பேசினாருப்பா. ரொம்ப நேரம் பேசினாரு. குணம், குடும்பம், வியர்வை எல்லாம் வந்துச்சு. நடுவுல நிறுத்தி, ஆன்சன் மாற்று ஆளா, இல்லையா, சொல்லுங்கன்னு கேட்டேன். 'அம்மா, வாழ்க்கையில நாம எல்லாருமே ஒருத்தருக்கொருத்தர் மாற்று ஆள்தான்'னாரு. இத நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?"

அவள் கோபப்படவில்லை. நாளைக்கு ஆட்டம் முடிகிற வரை நேரம் தருகிறேன் என்றாள். அதற்குள் கோச் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை உனக்கு இடம் உண்டு, இல்லையென்றால் இரண்டு மணிக்கு இங்கே இரு, இரண்டும் இல்லையென்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள்.

"போயிடுடா" என்றேன் நான். "காலையில எந்திரிச்சதும் கிளம்பு. இவனுங்களுக்கு நீ வேணாம்."

"நான் போயி, ஜாக்ஸ்டன் விழுந்து, யாரும் இல்லன்னா? கோச் நீதான்னு சொன்னாரே, கர்ட்." அப்புறம், "ஒரு தடவ இறங்கிட்டேன்னா அப்புறம் அவராலயே இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல?" என்றான்.

சனிக்கிழமை மதியம். மைதானம் நிரம்பி வழிந்தது, ஊரில் நாய்கூட வீட்டில் இல்லை. ஆன்சன் அந்தப் பொது ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்தில், இரண்டு காலிலும் சமமாக நின்றான். அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஜாக்ஸ்டனின் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிராணிகளின் வலியைப் போக்கப் பிறந்த பையன், இன்னொருவன் கால் ஒடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு முறை ஜாக்ஸ்டன் கீழே விழும்போதும் முகத்தில் ஏதோ தோன்றும், உடனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். இரண்டு மணி ஆனபோது கடிகாரத்தைப் பார்த்தான். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். பந்து எங்கள் கையில். எதிரணியிடம் ஆட்டத்தை நிறுத்த ஒரு வாய்ப்பும் மிச்சமில்லை. அப்போது ஜாக்ஸ்டன் ஒருவன் மேல் தடுக்கி விழுந்தான், எழுந்திருக்கவில்லை. கணுக்கால்.

எல்லோரும் கேடனைத் திரும்பிப் பார்த்தார்கள். கேடன் மேலே, ஜனங்களுக்கு நடுவே நின்ற தன் அப்பாவைப் பார்த்தான். முதலாண்டுப் பையன் நான்கு ஆட்டம் வரை இறங்கினால், கல்லூரியில் ஆடக் கிடைக்கும் நான்கு வருஷக் கணக்கில் அந்த வருஷம் சேராது; ஐந்தாவதில் இறங்கினால் ஒரு வருஷம் போய்விடும். கேடன் ஏற்கெனவே நான்கில் இறங்கியிருந்தான். அப்பா ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, கையை ஆட்டினார். கேடன் பெஞ்சில் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

மிச்சம் ஆன்சன்தான். ஹாலன்பெக் அவன் தோளைத் தொட்டார். ஆனால் போ என்று சொல்லவில்லை; தோளைத் தொட்டதோடு சரி. அவன் ஓடினான். ஹெல்மெட் தலையில் தனியாக ஆடியது.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. முன்னிலையில் இருக்கிற அணி, நேரத்தைக் கரைக்கப் பந்தை வாங்கி ஒரு முட்டியைத் தரையில் போட்டால் போதும். மூன்று தடவை முட்டி போட்டால் ஆட்டம் தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பையன் செய்கிற காரியம். முட்டி போடு என்று கோச் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் ஹாலன்பெக்குக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் ஒலிவாங்கியை வாயருகே இழுத்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, கவனமா கேளு. நீ இப்ப உள்ள போனத வெச்சு எந்த முடிவுக்கும் வந்துடாத. இது அறிவிப்பு கிடையாது. ஜாக்ஸ்டன்தான் நம்ம ஆளு. கேடனும் நம்ம ஆளு. போட்டி இன்னும் திறந்துதான் இருக்கு. நீ அங்க நிக்கிறது ஒரு தற்காலிக…"

பதினைந்து விநாடி. ஒலிபெருக்கி அணைந்தது. ஆன்சன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுத்த வார்த்தை வரும் என்று நின்றான். நேரம் தாண்டியது. நடுவர் மஞ்சள் துணியை வீசி, எங்களை ஐந்து கெஜம் பின்னால் தள்ளினார். ஹாலன்பெக் மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை வாஸும் குறுக்கே வந்து, அவன் இடது காலில் பாரம் போடுகிறான் என்றார். மெர்ல் பக்கவாட்டிலிருந்து ஓடி வந்து, எதற்கும் படம் பிடிக்கிறவர்கள் பக்கம் அவன் முதுகிலிருக்கும் பெயர் தெரியாமல் இருக்கட்டும் என்றார். இரண்டையும் ஹாலன்பெக் அப்படியே ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். அது மறுபடி அணைந்தது.

ஆன்சன் காத்திருக்கவில்லை. பந்தை வாங்கினான், முட்டி போட்டான். எழுந்தான். மறுபடி பந்தை வாங்கி, முட்டி போட்டான். மூன்றாவது முட்டியில் மைதானமே இடிந்து விழுகிற மாதிரி கத்தியது. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

அவன் நேரே என்னிடம்தான் ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "போன், போன்" என்றான். திருமதி ஸ்வோபோடாவே எடுத்தாள். அவளும் நேர்காணல் செய்ய வந்திருந்த டாக்டர்களும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்; அதற்காக நேர்காணலையே நிறுத்திவைத்திருந்தார்களாம். அவள் குரலிலும் சந்தோஷம். "பாத்தேம்பா, நல்லா பாத்தேன். திங்கட்கிழமை காலையில எடுத்து வெச்சிருக்கேன். அந்த ஒரு வரி மட்டும் வேணும். கோச்ச கூப்பிடு."

கோச் பத்து ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆன்சன் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் போனை நீட்டினான். அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது: ஆன்சன் கிரெப்ஸ் உங்கள் மாற்று குவார்ட்டர்பேக்கா?

ஹாலன்பெக் ஒலிவாங்கிகளைப் பார்த்தார். காலணி இல்லாமல் நின்ற கேடனைப் பார்த்தார். கேடனின் அப்பா படியிறங்கி வருவதைப் பார்த்தார்.

"அம்மா, இன்னிக்கு ஜெயிச்சது எங்க போட்டி. மாற்று ஆள்னு நான் இன்னும் யாரையும் சொல்லல."

"அவன் இறங்கி ஆடினானே, நானே பாத்தேனே."

"ஆடினான்னு சொல்ல முடியாதும்மா" என்றார் ஹாலன்பெக், ரொம்பப் பொறுமையாக. "முட்டி போட்டான்."

நிருபர்கள் சிரித்தார்கள். நல்ல பதில் என்று ஒருவர் எழுதிக்கொண்டார். கோச் போனை ஆன்சனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் ஜாக்ஸ்டன் இல்லாததால் கேடன்தான் முதல் ஆள் என்றும், மாற்று ஆள் இடத்துக்குத் திங்கட்கிழமை முதல் திறந்த போட்டி நடக்கும் என்றும் அறிவித்தார்.

ஆன்சன் கூட்டத்தை விட்டு வெளியே வந்தான். போன் இன்னும் காதில் இருந்தது. நான் பக்கத்தில் நடந்தேன். மறுமுனையில் அந்த அம்மாள், "மன்னிச்சுக்கப்பா" என்றாள். "வரலைன்னுதான் நான் போட்டாகணும். ஏன் வரலைன்னு காரணமும் எழுதணும். என்னன்னு எழுத?"

ஆன்சன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தான். வலது முட்டியில் மட்டும் புல்லின் பச்சைக் கறை இருந்தது.

"முட்டி போட்டுட்டு இருந்தான்னு எழுதிக்குங்க, மேடம்" என்றான்.